நாலாவது லேனுக்கு மேலே

எங்கள் வீட்டில் துருப்பிடிக்கிற பொருள் என்று ஒன்று மிச்சம் இருந்தால் அது நான்தான். மற்றதையெல்லாம் என் வீட்டுக்காரர் எப்போதோ மாற்றிவிட்டார். கதவுத் தாழ்ப்பாளில் எவர்சில்வர் திருகு, ஜன்னல் கீலில் எவர்சில்வர் திருகு. சமையலறை அலமாரியைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒரு கப்பலையே கட்டி நிறுத்தலாம். அலமாரியில் இருப்பதோ நாலைந்து டப்பாவும் ஒரு உப்பு ஜாடியும்.

உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றைப் பராமரிப்பது அவர் வேலை. அதே குளத்தின் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. எங்கள் ஒரே மகள் நீந்துவதும் அங்கேதான். ஆக, குடும்பமே குளோரின் வாடையில் குடித்தனம் நடத்துகிறது. குளத்துக்கு வரும் பிள்ளைகள் இவருக்கு ‘வடிகட்டி மாமா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகூடைக்குள் கையை விட்டு எந்நேரமும் துழாவிக்கொண்டிருப்பதால் வந்த பேர். நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருந்தால் கிட்டவே போகமாட்டார். குனிந்து தரையைப் பார்த்தபடி கரையோரமாகவே நடந்து இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

குளத்தில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டால் சீக்கிரமே தலை பொரிந்து, சுவரெல்லாம் மஞ்சள் கறை வழியும். அதனால் ஏணி, பெஞ்சு, குதிக்கும் மேடை, ஒவ்வொருவரும் நீந்தும் தடத்தைப் பிரிக்கிற லேன் கயிற்றை மாட்டும் கொக்கி என்று எல்லாவற்றுக்கும் இவர் எவர்சில்வர் போல்ட்தான் கேட்டு வாங்குவார். வேலை முடிகிற நேரத்தில் ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார். என் முகத்தை அப்படி ஒரு நாள் அக்கறையாகப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை.

போல்ட்டின் தலையில் ஒரு எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

“இந்த எழுத்து இருக்கே, இது எந்தத் தண்ணியைத் தாங்கும்னு சொல்லுது. இந்த நம்பர், எவ்வளவு இழுத்தாலும் அறாதுன்னு சொல்லுது. மனுசனுக்கும் இப்படித் தலையில போட்டிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!”

“எனக்கு என்னங்க போட்டிருக்கும்?” என்று கேட்டேன். தப்புதான்.

“தொட்டாச் சுடும்னு போட்டிருக்கும்.”

என் தம்பி ஒரு தடவை எங்கள் கட்டிலைப் பூட்டித் தருகிறேன் என்று மின்சாரத் திருகியோடு வந்து நின்றான். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வைத்து ‘டர்ர்ர்’ என்று ஒரே அழுத்து. பாதி வழியில் நட்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சூட்டில் நட்டின் மரையும் போல்ட்டின் மரையும் ஒட்டிக்கொண்டதாம். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால மெதுவா ஏத்தணும் மச்சான். நீ பலத்தைக் காட்டினா அதுவும் திருப்பிக் காட்டும்.”

கடைசியில் ரம்பம் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. நட்டுக்குக் காட்டுகிற பொறுமையில் கால்வாசி எங்களுக்குக் காட்டியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்கமாட்டேன்.

சரி, மகளுக்கு வருகிறேன். அவளுக்கு மல்லாக்க நீந்துவதுதான் உயிர். முதுகைத் தண்ணீரில் சாய்த்து, முகத்தை மேலே காட்டி, இரண்டு கையாலும் மாறி மாறித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவாள். அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். தேர்வு நடக்கப்போவதோ எங்கள் குளத்திலேயே. பல் முளைத்த நாளாக நீந்திய தண்ணீர், பழகிய லேன். அணியில் இடம் கிடைத்துவிட்ட மாதிரியே வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

அப்போதுதான் அந்தத் தலை வந்து சேர்ந்தது.

ஒரு காலை, இவர் நீண்ட குழாயால் குளத்தின் ஆழமான பக்கத்துத் தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது குழாய்க்குள் கடகடவென்று ஏதோ உருண்டு போனது. வடிகூடையைத் திறந்தால் கொண்டை ஊசி, பிளாஸ்திரி, யாரோ ஒரு குழந்தையின் பால் பல், இவற்றோடு ஒரு போல்ட்டின் தலை. தலை மட்டும். கழுத்தோடு அறுந்திருந்தது. மேலே துரு ஒரு பொட்டுகூட இல்லை, பளபளவென்று மின்னியது. நேராக என் டிக்கெட் ஜன்னலுக்கு எடுத்து வந்துவிட்டார்.

“இது யாரோட தலை?”

“எனக்கென்ன தெரியும்? என் தலை கழுத்து மேலதான் இருக்கு. வரிசையில ஆளு நிக்குது, தள்ளுங்க.”

ஏணியைப் பார்த்தார், எல்லாத் தலையும் இருந்தது. பெஞ்சுகளைக் கவிழ்த்துப் பார்த்தார். குதிக்கும் மேடைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கொக்கிகள், குளியலறைக் குழாய்கள் எதிலும் ஒன்றும் குறையவில்லை. மேனேஜரிடம் போனார். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் வேலை அதிகம்.

“யாராவது பாக்கெட்ல வெச்சிருந்தது விழுந்திருக்கும், விடுங்க.”

“நீந்த வர்றவன் எதுக்கு சார் போல்ட் தலையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வரான்? நீச்சல் உடையில பாக்கெட்டே கிடையாதே!”

மேனேஜர் சிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்து அதே ஆழமான பக்கத்தில் இன்னொரு தலை கிடைத்தது. அதிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு தலையையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பார். அறுந்த இடம் பெரும்பாலும் கறுத்துக் கிடந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெள்ளையாக இருந்தது. அறுந்ததற்கு உடம்பு எங்கே என்று தெரியாமல் அந்த மனிதர் எரிந்து விழுந்தார். டீயில் சூடு இல்லை என்றார். கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்றார். கதவைத் திறந்துவைத்ததே அவர்தான்.

மகள் இன்னொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக நீந்தும்போது கடைசி நேரத்தில் போய்க் கயிற்றில் இடித்துக்கொள்கிறாள். கயிற்றில் கை பட்டால் வேகம் செத்துவிடும். அவளுக்குச் சொல்லித்தரும் மாஸ்டர் குளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். “தேர்வு வர்ற நேரத்துல நேரா நீந்தத் தெரியலையா உனக்கு?” தோளில் சிவப்பாகத் தடித்துப்போய் வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவள். நடுவில் நான், இரண்டு அடுப்புக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி.

“நான் நேராத்தான் போறேன்மா,” என்றாள். “கயிறுதான் வந்து என்மேல இடிக்குது.”

“கயிறு எப்படிடீ வந்து இடிக்கும்?” என்றார் இவர். “மேல பராக்குப் பார்த்துக்கிட்டு நீந்தினா இடிக்கத்தான் செய்யும்.”

“மேல பார்க்காம வேற எங்கப்பா பார்க்கிறது? மல்லாந்துல்ல நீந்தறேன்! மேல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு ஓடும். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா நேராப் போகும். நாங்க எல்லாரும் அப்படித்தான் போவோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டேன்.

“நல்ல குடும்பம்டா சாமி! ஒருத்தி அண்ணாந்தே பார்க்கிறா, ஒருத்தர் குனிஞ்சே பார்க்கிறார். ஒரு நாளாவது என்னைப் பார்க்கறீங்களா ரெண்டு பேரும்?”

இவர் கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தார்.

“எந்த லேன்?”

“நாலு.”

“எந்தப் பக்கம் போகும்போது இடிக்குது?”

“ஆழமான பக்கம்.”

எழுந்து கையைக் கழுவிவிட்டார். அந்த இரண்டு தலையும் கிடைத்தது நாலாவது லேனின் ஆழமான பக்கத்தில்தான். நீளப் பலகைகளால் ஆன அந்த உள்கூரை, குளத்தைப் புதுப்பித்தபோது மாட்டியது. அதைத் தாங்கியிருந்ததும் பளபளக்கும் எவர்சில்வர் போல்ட்டுகள்தான். மாட்டிய அன்று எங்களை வரிசையாக நிற்கவைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டவர் இவர். அதற்குப் பிறகு அவர் அண்ணாந்ததே இல்லை.

மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறக்கும்போது உள்ளே பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். இவர் குளத்தங்கரையில், நனைந்த தரையில், மல்லாக்கக் கிடந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். கண் திறந்திருந்தது.

“அந்தப் பலகையோட மூலையைப் பாரு,” என்றார்.

பார்த்தேன். ஒரு மூலை இறங்கி, பலகை ஒரு விரற்கடை பக்கவாட்டில் சரிந்திருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. படுத்துப் பார்த்தால் அந்தக் கறுப்புக் கோடு கடைசியில் கயிற்றின் பக்கம் கோணலாகப் போவது தெரிந்தது. என் மகள் கோணலாக நீந்தவே இல்லை. கோடு எப்படிப் போனதோ அப்படிப் போயிருக்கிறாள்.

எழுந்து விசிலை ஊதினார் பாருங்கள், காது கிழிந்தது. “எல்லாரும் வெளிய! ஏறுங்க! ஏறுங்க!” மாஸ்டர் பாய்ந்து வந்தார். பெற்றவர்கள் பாய்ந்து வந்தார்கள். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு துண்டைத் தேடினார்கள். கடைசியாக ஏறியவள் எங்கள் மகள்.

மேனேஜர் வந்து அண்ணாந்து பார்த்தார். “எல்லாம் புதுசு மாதிரி மின்னுது. ரெண்டு போல்ட் போயிருக்கு, அவ்வளவுதானே? உங்ககிட்ட இல்லாத போல்ட்டா? ரெண்டையும் மாத்திட்டுத் திறங்க. தேர்வு நெருங்கிடுச்சு.”

அது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும். மகள் ஈரத் தலையோடு இவர் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்பா, இப்போதைக்கு அந்த ரெண்டை மட்டும் மாத்திடுங்கப்பா. தேர்வு முடியட்டும். அப்புறம் எவ்வளவு நாள் வேணாலும் மூடிக்கங்க. உங்க கால்ல விழறேன்.”

இவர் சாரம் கொண்டுவந்து போட்டு, ஸ்பேனரோடு ஏறினார். அறுந்த இரண்டுக்கும் பதில் புதிதைப் போட்டார், கிரீஸ் தடவி, கையால் மெதுவாக. கீழே எல்லாரும் மூச்சுவிட்டார்கள். இறங்குவதற்கு முன்னால் பக்கத்துப் பலகையின் போல்ட்டையும் இறுக்கிப் பார்ப்போம் என்று ஸ்பேனரை வைத்தார். இறுக்கக்கூட இல்லை, வைத்ததுதான். தலை கழன்று கையோடு வந்துவிட்டது. அதற்கு அடுத்ததிலும் வைத்தார். அதுவும் வந்துவிட்டது. அதற்கடுத்தது அசையவில்லை. அவர் அந்த உயரத்தில் நின்று இரண்டு தலையையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து, எல்லாரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேனேஜர் என்னென்னவோ கேட்டார். “எது நல்லது, எது போனதுன்னு எனக்குத் தெரியல சார். தெரியறவங்களைக் கூப்பிடுங்க,” என்பதைத் தவிர இவர் வாயிலிருந்து வேறு பேச்சு வரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? அந்த மனிதரைத் திட்டினேன். வாசலில் வைத்து, எல்லார் முன்னாலும் திட்டினேன்.

கூப்பிட்டபடி ஒரு இன்ஜினியர் வந்தார். இளம்பெண், அமைதியான பேச்சு. சாரத்தில் ஏறி ஒரு சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து இறங்கினார். பூட்டியது சரி, பூட்டியே இருக்கட்டும் என்று மேனேஜரிடம் சொன்னார். இவர் விடவில்லை. ஏன் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“தண்ணியில கிடக்கிற போல்ட்டைவிட மேல தொங்குறதுக்குத்தான் இங்க ஆபத்து அதிகம்,” என்றார் அந்தப் பெண். “குளத்துல இருந்து ஆவி எழும்புது. அதுல இருக்கிற குளோரின் மருந்து மேல போய்ப் படியுது. ஈரம் காய்ஞ்சிடும், மருந்து தங்கிடும். கீழ இருக்கிறதை நீங்க தினம் கழுவிடறீங்க. மேல யாரு கழுவறா? பாரத்தையும் பிடிச்சுக்கிட்டு அந்த மருந்தையும் குடிச்சுக்கிட்டு இருந்தா, உள்ளுக்குள்ள மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். வெளிய பளபளன்னுதான் இருக்கும். ஒரு நாள் பட்டுன்னு போயிடும்.”

“சாதா இரும்பா இருந்திருந்தா?”

“மஞ்சளா வழிஞ்சு முன்னாடியே காட்டிக் கொடுத்திருக்கும்.”

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ தலையில போட்டிருக்கிற எழுத்து பொய்யா மேடம்?”

“பொய் இல்ல. கப்பல்ல போடுங்க, நல்லா உழைக்கும். இந்தக் கூரைக்கு இது ஆகாது. இதுக்குன்னு வேற கலவையில வருது. அதைத்தான் போட்டிருக்கணும்.”

அன்று வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரி போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். டப்பாக்கள் விழுந்தன, உப்பு ஜாடி உடைந்தது. போல்ட் ஒன்றுகூட அசையவில்லை. நான் உப்பை அள்ளிக்கொண்டே பாடிய பாட்டை இங்கே எழுத முடியாது.

தேர்வை வேறொரு குளத்துக்கு மாற்றினார்கள். அது திறந்தவெளிக் குளம். நானும் மகளும் மட்டும் போனோம். அவரை வரவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். நல்ல வெயில், மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. விசில் ஊதியதும் அம்பு மாதிரி கிளம்பினாள். பாதி தூரம் வரைக்கும் அவள்தான் முன்னால். அப்புறம் மெல்ல மெல்லக் கயிற்றுப் பக்கம் ஒதுங்கினாள். நான் கரையில் நின்று “நேரா! நேரா!” என்று கத்தினேன். காதில் தண்ணீர் இருக்கும்போது யாருக்குக் கேட்கும்? கயிற்றில் தோள் இடித்தது. இன்னொரு முறையும் இடித்தது. ஒரு கை நீளத்தில் அணி போய்விட்டது.

“மேல ஒண்ணுமே இல்லம்மா,” என்றாள், துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. “வெறும் நீலமா இருந்தது. எதைப் பார்த்து நான் போவேன்?”

அதற்குப் பிறகு அவள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அப்பாவிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்த மனிதருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. கூரை விழுந்திருந்தால் ஐயோ அம்மா என்று ஓடி வந்திருப்பார்கள். விழவில்லை இல்லையா? அதனால் ஏச்சுதான். “உங்க வீட்டுக்காரர் ஏதோ ரெண்டு போல்ட்டுக்காகப் பிள்ளைங்க பயிற்சியையே கெடுத்துட்டாராமே?” என்று கடையில் வைத்துக் கேட்டாள் ஒருத்தி. நானே அவரை எத்தனையோ திட்டியிருக்கிறேன். அது என் பாத்தியதை. அவளுக்கு என்ன வந்தது? நான் கேட்டும்விட்டேன்.

குளத்தைக் காலி செய்து, பழைய கூரையைக் கழற்றிப் புதுக் கூரை மாட்டும் வேலை நடந்தது. எடுத்த போல்ட்டுகளில் கொஞ்சத்தை இன்ஜினியர் கொண்டுபோனார். மிச்சத்தை ஒரு வாளியில் போட்டு இவர் வீட்டுக்கு எடுத்து வந்து, பின்வாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது.

ஒரு மத்தியானம் பின்வாசலில் டக், டக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகள் அந்தக் கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வாளியிலிருந்து ஒரு போல்ட்டை எடுப்பாள், கல்லின் விளிம்பில் ஒரு தட்டு. தலை தெறித்து ஓடும். அடுத்ததை எடுப்பாள். சிலது முதல் தட்டிலேயே போயிற்று, சிலதுக்கு இரண்டு மூன்று தட்டு வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். சத்தம் கேட்டு இவரும் வந்து கதவோரம் நின்றார்.

“இதுல நாலாவது லேனுக்கு மேல இருந்தது எது?” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“தெரியல கண்ணு. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

இன்னொன்றை எடுத்தாள். தட்டினாள், போகவில்லை. ஓங்கித் தட்டினாள், போகவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் அடித்தாள். கல்லில்தான் சில்லு பெயர்ந்தது. மூச்சு வாங்க அதைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தாள்.

“இது நல்லாத்தான் இருக்கு! இந்த மாதிரி நாலு இருந்திருந்தா கூரை நின்னிருக்கும். என் தேர்வு நம்ம குளத்துலயே நடந்திருக்கும்.”

அவர் குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் அதே எழுத்து, அதே எண்.

“நின்னிருக்கலாம்,” என்றார்.

“விழுந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலேயா மூடினீங்க?”

“தெரியாததனாலதான் மூடினேன். கீழ நீ இருந்த.”

அவள் முகம் கோணியது. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கால் மடக்கி உட்கார்ந்து, தரையில் சிதறிக் கிடந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்தாள். அவரும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினார்.

“நாளைக்குக் காலைல என்னையும் எழுப்புங்க,” என்றாள்.

அந்த மனிதருக்கு எப்போது எதைப் பேசுவது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. “குளத்துல இன்னும் தண்ணி விடலையே கண்ணு,” என்றார்.

“தெரியும். புதுக் கோடு நேரா இருக்கான்னு படுத்துப் பார்க்கணும். உங்களுக்குப் பார்க்கத் தெரியாது.”

வெறுங்காலில் குத்திவிடும், எல்லாவற்றையும் ஒழுங்காகப் பொறுக்குங்கள் இரண்டு பேரும் என்று கத்திவிட்டு நான் உள்ளே வந்தேன். வந்து அடுப்படியில் நின்றுகொண்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது.